சரிவுப் பொறுப்பு அலுவலர்

ஒரு நாட்டில் பொருளாதாரம் சரிந்துவிட்டது. சரிந்ததில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாரால் சரிந்தது என்பதில்தான் பத்தொன்பது நாட்களாக நாடாளுமன்றம் நடக்கவில்லை.

முந்தைய ஆட்சிதான் காரணம் என்றது ஆளுங்கட்சி. இப்போதைய ஆட்சிதான் என்றது எதிர்க்கட்சி. இரண்டும் மாறி மாறி ஆண்டு வந்ததால் இருவரிடமும் வேண்டிய அளவு புள்ளிவிவரம் இருந்தது. ஏழைகள் உழைப்பதில்லை என்று பணக்காரர்கள் கை காட்டினார்கள். பணக்காரர்கள் விட்டுவைப்பதில்லை என்று ஏழைகள் கை காட்டினார்கள். நடுத்தர வர்க்கத்துக்கு இரண்டு கைகள் இருந்ததால் அது இரண்டு பக்கமும் காட்டியது.

இருபதாம் நாள் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று அமைந்தது. மூன்று கோடைவாசத் தலங்களில் கூடி ஆராய்ந்த குழு, பின்வரும் முடிவுக்கு வந்தது: எந்தக் கட்சியையும் சேராத, எந்த அதிகாரமும் இல்லாத, இதுவரை எந்த முடிவையும் எடுத்திராத ஒருவரால்தான் இந்தப் பழியை நடுநிலையோடு ஏற்க இயலும். அதன்படி 'சரிவுப் பொறுப்பு அலுவலர்' என்று ஒரு பணியிடம் உருவாக்கப்பட்டது. மாதச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஒரு வருடம் தகுதிகாண் காலம். அதற்குப் பிறகு நிரந்தரம்.

நாலு லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் ஒருத்தி சின்னவள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. வணிகவியல் பட்டம் வாங்கி நாலு வருடமாக வீட்டில் இருந்தாள். அம்மா அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். அப்பா பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். அந்த லிஃப்டில் உட்கார இடம் கிடையாது. நாள் முழுக்கப் பதினாறு மாடி ஏறி இறங்கிவிட்டு வருகிறவர், தன் வீட்டின் மூன்று படிகளில் ஏறச் சுவரைப் பிடித்துக்கொள்வார். முழங்கால் இரண்டும் பந்து மாதிரி வீங்கியிருக்கும்.

"உனக்கு நிரந்தர வேலைன்னு ஒரு காகிதம் வரட்டும். அன்னிக்கே சீருடையைக் கழட்டிடறேன்" என்பார். நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். ஆளுங்கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், நடுவில் ஒரு பொருளாதார நிபுணர்.

"முன்அனுபவம் எதுவும் எழுதலையேம்மா?" என்றார் ஆளுங்கட்சிக்காரர்.

"இல்லைங்க சார்."

"வீட்டுல ஒரு கண்ணாடி டம்ளர் உடைஞ்சா யாரைத் திட்டுவாங்க?"

"என்னைத்தான் சார்."

"உங்க அக்கா உடைச்சா?"

"பக்கத்துல நான் ஏன் நிக்கலைன்னு என்னைத் திட்டுவாங்க சார்."

"தம்பி உடைச்சா?"

"அவன் சின்னப் பையன், நீ பாத்துக்க வேண்டாமான்னு என்னைத்தான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் விண்ணப்பத்தில் 'இருபது வருட அனுபவம்' என்று எழுதினார்.

"திட்டும்போது பதில் பேசுவீங்களா?" என்று நிபுணர் கேட்டார்.

"தலையைக் குனிஞ்சுக்குவேன் சார்."

"எங்கே, குனிங்க பாப்போம்."

குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம். பற்றாக்குறை பெரிசும்மா."

இன்னும் கொஞ்சம் குனிந்தாள். வேலை கிடைத்துவிட்டது.

இரண்டாவது மாடியில், பழைய நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வாசலில் பலகை தொங்கியது. 'திட்டும் நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. உணவு இடைவேளையில் திட்ட அனுமதி இல்லை.' அவளுக்கு மேலே இருந்த கண்காணிப்பாளர், ஓய்வுபெற இரண்டு வருடமே பாக்கியுள்ள, எதற்கும் பதறாத மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரே விஷயம்தான். ஆறுதல் சொல்லிடாத. அது வேற துறை."

கூட்டம் அலைமோதியது. பணக்காரர்கள் நேரில் வருவதில்லை. டிரைவரை அனுப்புவார்கள். ஒரு டிரைவர் வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்து, நாலாக மடித்த தாளைப் பிரித்து, முதலாளி எழுதிக் கொடுத்ததை வார்த்தை பிசகாமல் படிப்பார்.

"'உன் போன்றவர்களுக்கு மானியம் கொடுத்தே நாடு பாழாய்ப் போயிற்று.' இங்க ஐயா கோடு போட்டிருக்காரு மேடம், கொஞ்சம் சத்தமாப் படிக்கணும்."

"படிங்க."

படித்து முடித்துத் தாளை மடித்தபின் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இது அவரோடது. இப்ப என்னோடது கொஞ்சம் இருக்கு."

"அதுக்குத் தனியா வரிசையில நிக்கணும் அண்ணே."

நடுத்தர வர்க்கத்தார் எழுத்து மூலமாகத்தான் திட்டுவார்கள். நகல் எடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கி, கோப்பில் வைத்துக்கொள்வார்கள். ஏழைகள் வரிசையில் நின்று நின்று, தங்கள் முறை வரும்போது என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோய், "என்னமோ போம்மா" என்றுவிட்டு நகர்வார்கள். பதிவேட்டில் அதையும் ஒரு திட்டாகவே குறித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

கட்சிகளுக்கும் நிம்மதி. நாடாளுமன்றம் ஒழுங்காக நடந்தது. யாராவது விலைவாசி பற்றிக் கேட்டால் "சம்பந்தப்பட்ட அலுவலர் இரண்டாவது மாடியில் இருக்கிறார்" என்று அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். எதிர்க்கட்சி மேசையைத் தட்டும்.

சின்னவள் பத்து மாதம் தலை குனிந்தாள். கழுத்து வலித்தது. பதினோராம் மாதம், யாரிடமும் அனுமதி கேட்காமல் நல்ல மழை பெய்தது. காய்கறி மலிந்தது. அதைத் தொட்டு ஒவ்வொன்றாக இறங்கியது. ஒரு நாள் அம்மா இரண்டு பை நிறையச் சாமான்களோடு உள்ளே வந்தாள்.

"விலையெல்லாம் பாதியாக் குறைஞ்சு கெடக்குடி."

சின்னவள் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "நல்லா விசாரிச்சியாம்மா? அழுகல் எதுவும் இல்லையே?"

"என்னடி இது, நல்ல சேதி சொன்னா எழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்கற?"

மறுநாளே ஆளுங்கட்சி, முன்னேற்றத்துக்குத் தாங்களே காரணம் என்று அறிவித்தது. நாங்கள் போட்ட விதை என்றது எதிர்க்கட்சி. நாடாளுமன்றம் மறுபடி நின்றது. சின்னவளின் மேசைக்கு ஒரு குறிப்பாணை வந்தது: 'தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட சரிவு, மேலிடத்தின் முன்அனுமதியின்றி நிமிர்ந்தது எங்ஙனம்? ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால், தகுதிகாண் காலம் முடியுமுன் பணிநீக்கம் செய்யப்படுவீர்.'

கண்காணிப்பாளர் அதை இரண்டு தரம் படித்தார்.

"மழை பெஞ்சுதுன்னு எழுதட்டுமா சார்?"

"மழைக்கு நம்மகிட்ட கோப்பு இல்லையேம்மா." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "விலை குறையவே இல்லைன்னு பொதுமக்கள்கிட்ட ஒரு பத்தாயிரம் கையெழுத்து வாங்கு. சரிவு இருக்குன்னா நீயும் இருக்கலாம். படிவம் அடிச்சுத் தரேன்."

அன்று மாலை படிவக் கட்டை வீட்டில் வைத்துவிட்டு, கையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சின்னவள் தெருவில் இறங்கினாள். யார் போடுவார்கள், குறைந்த விலையில் எல்லோரும் வாங்கிக்கொண்டிருக்கும்போது, என்று நினைத்துக் கூசினாள். ஆனால் யாரும் மறுக்கவில்லை.

"நீ போயிட்டா நாங்க யாரைத் திட்டறது?" என்றார் மளிகைக் கடைக்காரர். "மறுபடி ஒருத்தரையொருத்தர் திட்டிக்கணும். ஒரே தெருவுல இருந்துக்கிட்டு அது நல்லாவா இருக்கும்?" படிவத்தை வாங்கி, 'விலை குறையவில்லை என உளமார உறுதி கூறுகிறேன்' என்ற வரியில் விரலை வைத்துப் படித்தார். பேனாவைத் திறந்தவர் மூடினார்.

"என்னண்ணே?"

"இருபத்தெட்டு வருஷமாக் கடை வெச்சிருக்கேன். பொய்க் கையெழுத்து மட்டும் போட்டதில்ல. ஒரு நிமிஷம் இரு."

வாசலில் தொங்கிய விலைப் பலகையைத் துணியால் துடைத்தார். சுண்ணக்கட்டியை எடுத்து, பழைய விலைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி எழுதினார். சிலது ஞாபகம் வரவில்லை. அதற்குக் கொஞ்சம் கூட்டியே போட்டார். பிறகு வந்து, மனசாட்சி உறுத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

நாடு முழுவதும் நேர்மையானவர்கள்தான் இருந்தார்கள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டுப் போட்டார். டிரைவரின் முதலாளி தன் ஆலையில் சரக்கின் விலையை உயர்த்தி, சம்பளத்தை மட்டும் பழையபடி விட்டு, முதன்முறையாகத் தாமே வந்து போட்டார். இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டது செய்தித்தாளில் படத்தோடு வந்தது.

பத்தாயிரம் கேட்ட இடத்தில் பதினோரு லட்சம் சேர்ந்தது. 'சரிவு திருப்திகரமாக நீடிப்பதாக' மேலிடம் பதிவு செய்தது. நிரந்தரப் பணி ஆணை வந்தது.

அன்று மாலை அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். சீருடையைக் கழற்றி மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். மறுநாள் காலை எட்டு மணி வரை படுத்திருந்தார். நாலாம் நாள் முழங்கால் வீக்கம் வடிந்திருப்பதாக அம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் காலை சின்னவள் அலுவலகம் கிளம்பும்போது, அப்பா அலமாரியின் முன்னால் குனிந்து நின்றார். ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சீருடையை உருவினார்.

"எதுக்குப்பா அது? நான்தான் நிரந்தரமாயிட்டேனே."

"நீ ஆயிட்டே. விலையும் ஆயிடுச்சு. உன் ஒருத்தி சம்பளம் வாடகைக்கே சரியாப் போகுது."

"ரெண்டு மாசம் பொறுத்துப் பாக்கலாம்ப்பா."

"அதுக்குள்ள கட்டடத்துல வேற ஆள் போட்டுடுவாங்கம்மா."

அவர் கையை உள்ளே நுழைத்துக்கொண்டு பொத்தானைத் தேடினார். சின்னவள் பையைக் கீழே வைத்தாள். "வீட்டுல கட்டு வெச்சுட்டுப் போனேனே, அதுலயாவது யாராவது ஒருத்தர், வேண்டாம், விலை குறைஞ்சே இருக்கட்டும்னு சொன்னாங்களாப்பா?"

"யாரு சொல்வா? முதல் கையெழுத்தே என்னுது" என்றார் அப்பா, கழுத்துப் பொத்தானைப் போட்டபடி.

"ரெண்டாவது என்னுது" என்றாள் அம்மா தையல் மிஷினிலிருந்து. "சும்மா ஒண்ணும் போடலை. தையல் கூலிய ஏத்திட்டுத்தான் போட்டேன்."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று படிகளிலும் இறங்கி, பதினாறு மாடி ஏறப் போனார்.