அங்கீகாரம் கோரி ஒரு வயல்

வயலை மனையாக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கல் ஊன்றி, செம்மண் கொட்டி, முகப்பில் ஒரு வளைவு கட்டிவிட்டால் முடிந்தது. அதை மனையாகவே வைத்திருப்பதுதான் பெரும்பாடு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதுவும், எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதரின் கண்ணெதிரே.

பி.காம். முடித்துவிட்டு வேலை தேடித் தேடிச் சலித்துப்போயிருந்த சமயம் அது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் என்பவரிடம் மேலாளராகச் சேர்ந்தேன். (என் மேலாண்மைக்குக் கீழே ஒரு மேசையும் ஒரு குடமும் இருந்தன.) கும்பகோணத்து மிராசுதார் ஒருவரிடம் அவர் மூன்று ஏக்கர் நஞ்சை வாங்கி, கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது கல் ஊன்றியிருந்தார். நகருக்கு அப்போது ஆட்சியிலிருந்த தலைவரின் பெயர். தேர்தல் முடிந்து ஆட்சி மாறியதும் பெயின்டரைக் கூப்பிட்டு நகரையும் கட்சி மாற வைத்தோம். பலகையில் ‘அங்கீகாரம்’ என்ற சொல் பேருந்தில் போகிறவர்களுக்கும் தெரியும். அதற்கு அடியில் ‘கோரி விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று இருப்பதைப் படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும்.

அந்த விண்ணப்பத்தின் பின்னால் அலைவதுதான் என் வேலை. தாசில்தார் சொன்னால் தீர்மானம் போடுகிறேன் என்றார் பஞ்சாயத்துத் தலைவர். நகரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள் என்றது தாலுகா ஆபீஸ். அங்கே போனால், பஞ்சாயத்துத் தீர்மானம் எங்கே என்றார்கள். நான் களைத்துப்போய்த் திரும்பும்போதெல்லாம் ராஜமாணிக்கம் சொல்வார்: “முகத்தைக் காட்டிக்கிட்டே இருங்க தம்பி. ஃபைல் தானா நகரும்.” மாதக்கணக்கில் என் முகம்தான் நகர்ந்தது.

சேர்ந்த புதிதில் ஒருமுறை போய்ப் பார்த்ததோடு சரி, இந்த அலைச்சலில் மனைப் பக்கமே நான் போகவில்லை. அப்போதுதான் திருச்சியிலிருந்து அந்த வரன் வந்தது. பெண்ணின் பெயர் வசந்தி. அப்பா கல்யாணசுந்தரம், ரயில்வேயில் வேலை. பையன் என்ன செய்கிறான் என்று அவர் கேட்க, தரகர் ‘ரியல் எஸ்டேட்’ என்று சொல்லிவைத்திருந்தார். மனை பார்க்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விடும் இலவச வேனில் அவரும் ஏறிக்கொண்டார். பையனையும் பார்த்த மாதிரி இருக்கும், பிடித்தால் ஒரு மனையும் வாங்கலாம் என்று அவருக்கு எண்ணம். ராஜமாணிக்கம் அன்று காலை திடீரென்று ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வருங்கால மாமனார் முன்னால் முழு அதிகாரத்தோடு நிற்கலாம் என்ற சந்தோஷம்தான் வந்தது.

வேனில் வழி நெடுகப் பேசினேன். பூங்கா வரும் என்றேன், பள்ளிக்கூடம் வரும் என்றேன். (ஒரு பள்ளத்தில் வேன் குலுங்கியபோது மருத்துவமனையும் வாயில் வந்துவிட்டது.) சாலையோரம் இறங்கி நடந்தோம். வழியில் குறுக்கே ஒரு வாய்க்கால். கோடையில் காய்ந்து கிடந்தது, இப்போது தண்ணீர் ததும்ப ஓடிக்கொண்டிருந்தது. நடுவே வெள்ளைக் கற்கள் வரிசையாகக் கிடந்தன.

“பாருங்க சார், கடக்கறதுக்குப் பாலம்கூடப் போட்டாச்சு” என்றேன்.

கல்யாணசுந்தரம் குனிந்து பார்த்தார். “கல்லுல பதினொண்ணு, பன்னெண்டுன்னு எழுதியிருக்கே தம்பி?”

“பாலம்னா நம்பர் போடுவாங்கல்ல சார்.”

ரயில்வேக்காரர். பாலத்துக்கு நம்பர் உண்டு என்பது அவருக்குத் தெரியும். தலையாட்டிக்கொண்டே கடந்தார். நடுக்கல்லில் நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அவை எங்கள் மனைக் கற்கள்.

முகப்பு வளைவு இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் நகரைக் காணோம். மூன்று ஏக்கரும் தண்ணீர் கட்டி, உழுது, இளம்பச்சையாக நாற்று நட்டிருந்தது. கடைசி மூலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இன்னும் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நிமிர்ந்தார். அந்த நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்த செல்லம்மாள்.

“யாரு, மனைக்காரத் தம்பியா? வாங்க. வரப்புல பாத்து வாங்க, வழுக்கும்.”

“ஏங்க, இது மனைங்க. கல்லு ஊனியிருந்தோமே?”

“கல்லு இருந்தா ஏரு ஓடுமா? பத்திரமாத்தான் இருக்கு, வாய்க்கால்ல.”

“முதலாளி உங்ககிட்டப் பேசி முடிச்சிட்டதாச் சொன்னாரே?”

“அவரு பேசினாரு. நான் முடிக்கல. குத்தகைப் பதிவு எங்க பேர்ல இருக்கு. ஆட்சேபணை கொடுத்தோம், உங்க விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. சொல்லலியா உங்ககிட்ட?”

நான் ஊர் ஊராகத் தேடிய ஃபைல் என் முதலாளியின் மேசை இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது.

செல்லம்மாள் கையிலிருந்த நாற்று முடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “கல்லு ஊனுறப்போ என் மகனைப் போலீஸ் வேன்ல ஏத்திட்டுப் போனாங்க தம்பி. நீங்க அப்ப வேலைக்கு வரல. இப்பப் பயிரு நிக்குது. இதுல யாரு கை வைக்கிறாங்கன்னு பாக்குறேன்.”

அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து ஒரு ஆசிரியர், ஏற்கெனவே முன்பணம் கட்டியவர், அழாத குறையாகக் கேட்டார்: “சார், இதுல என் பிளாட் எது சார்?”

வருங்கால மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது செய்தாக வேண்டும். “இதோ காட்டறேன் சார்” என்று பாய்ந்து இறங்கினேன். புதிதாகச் சேறடித்த வயல் என்பதை என் கால்கள்தான் முதலில் உணர்ந்தன. தொடை வரை போய்விட்டது. ஒரு காலைப் பிடுங்க இன்னொரு கால் புதைந்தது. நிலைதடுமாறி நாலைந்து வரிசை நாற்றின் மேல் அப்படியே உட்கார்ந்தேன்.

பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். செல்லம்மாள் கத்தவில்லை. ஒரு முடி நாற்றை என் மடியில் போட்டார்.

“மிதிச்சதை நட்டுட்டு ஏறுங்க.”

நட்டேன். பெண் பார்க்கப் போகும்போது போட்டுக்கொள்ள வைத்திருந்த பேன்ட்டோடு நட்டேன். நான் நட்ட நாற்று நான் நிமிர்வதற்குள் மிதந்தது. “தம்பி நட்டது ஊரை விட்டே போவுது” என்று ஒரு பெண் சொல்ல, வயலே சிரித்தது. வேனில் வந்தவர்கள், வந்ததற்கு அதுவாவது லாபம் என்று, நாங்கள் கொடுத்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். கல்யாணசுந்தரம் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவர் ஒன்றுதான் கேட்டார். “அந்தம்மா சொன்னதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?”

“தெரியாது சார்.”

“ம்” என்றார். வரன் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் வேலையை விட்டேன். சில நாள் கழித்துத் தரகர் வந்தார். பெண் கொடுக்கச் சம்மதமாம். “நடச் சொன்னதும் மறுபேச்சு இல்லாம நட்டானே, அந்தப் பையனை நம்பிப் பொண்ணைக் கொடுக்கலாம். நிலம் மட்டும் வாங்கக் கூடாது” என்று கல்யாணசுந்தரம் வீட்டில் சொன்னாராம்.

செல்லம்மாள் அந்தப் போகம் அறுத்தார். ராஜமாணிக்கம் போட்ட வழக்கு பல ஆட்சிகளைப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. நான் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதி ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றும் வாடகை வீடுதான். ஆனால் சொந்தக்காரர்கள் யார் மனை பார்க்கப் போனாலும் வசந்தி என்னை அனுப்பிவைக்கிறாள். விலை பேசுவதற்கு இல்லை. மனையின் நட்டநடுவில் என்னை நிறுத்திப் பார்ப்பார்கள். கால் உள்ளே போகாவிட்டால் முன்பணம் கொடுப்பார்கள்.

போன வாரம் மச்சினன் திருவிடைமருதூர் பக்கம் ஒரு மனைக்குக் கூட்டிப்போனான். எனக்கு முழங்கால் வலி. வெயில் வேறு. நடுவில் போய் நின்றேன். அவன் என் காலையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். திருப்தி இல்லை.

“அத்தான், லேசா ஒரு குதி குதிங்க” என்றான்.

குதித்தேன்.