ஒரு மூட்டை உப்பும் ஒரு டிரம் குளிர் டீயும்

பெற்ற பிள்ளை நம்மிடம் வந்து, "நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா, சும்மா இருந்தா போதும்" என்று சொல்கிறதே, அதைவிடக் கடினமான வேலையை இன்றுவரை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. ஐம்பது பேருக்குச் சமைக்கச் சொல்லுங்கள், சமைத்துவிடுவேன். சும்மா இருப்பதற்குத்தான் எனக்குக் கை வராது. பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போனால், அவளுடைய காஸ் சிலிண்டரை மூடினாளா என்று நான் போன் போட்டுக் கேட்பேன். (அவள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு. அது வேறு விஷயம்.)

என் மகள் தீபிகா எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்த கோடையில், அவள் வங்கித் தேர்வுக்குப் படிப்பாள் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். அவள் கண்ணாடிக் குடுவைகளும் புதினாக் கட்டுமாக வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்ட்டிங்களுக்கு கூல் ட்ரிங்க்ஸ் செஞ்சு கொடுக்கப் போறேன்மா. ஃப்ரூட் ஐஸ் டீ. ஈ.சி.ஆர். ரோடு முழுக்க பார்ட்டிதான், ஒருத்தரும் இதச் செய்யல."

டீத்தூளைக் கொதிக்க விடாமல் வெந்நீரில் ஊற வைத்து வடிகட்டி, ஆறியதும் எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு, இஞ்சி, சர்க்கரைப் பாகு சேர்த்து, தர்பூசணியும் அன்னாசியும் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, புதினாவைக் கசக்கித் தூவி, ஜில்லென்று கொடுக்க வேண்டுமாம். பாலே கிடையாதாம். ஆறிப்போன டீயை எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊற்றுவோம். அதை விருந்தாளிக்குக் கொடுத்தால் சும்மா விடுவார்களா என்ற பயத்தில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதையும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வங்கி என்ன ஆவது?

கடைசியில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவளே சொன்னாள்:

"ஒரே ஒரு பார்ட்டிம்மா. சொதப்பிச்சுன்னா நானே வந்து பேங்க் கோச்சிங்ல சேர்ந்துடறேன். நல்லா வந்துச்சுன்னா, பேங்க்குங்கற வார்த்தைய நீ இந்த வீட்ல பேசவே கூடாது."

"சரி" என்றேன். ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் கணவர், "பணம் எடுக்கப் போகணும்னா என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். (அவர் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர். வெயிலிலேயே நின்று நின்று, எதற்கும் உருகாத மனிதராகிவிட்டார்.)

அந்த ஒரே ஒரு பார்ட்டி கோட்டக்குப்பத்தில் கிடைத்தது. தீபிகாவின் கல்லூரித் தோழி நஸ்ரின் வீட்டில். நஸ்ரினின் அண்ணன் ரியாஸ் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். புது வீடு கட்டிக் குடிபுகுந்த சந்தோஷத்தில், மே மாதத்து மாலையில் மாடியில் பந்தல் போட்டு விருந்து. துபாய் ஓட்டல்களில் குடித்த மாதிரி ஐஸ் டீ வேண்டும் என்று ரியாஸுக்கு ஆசை. வந்தவர்கள் எல்லாரும் கல்யாணம், விருந்து என்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறவர்கள். இங்கே ஒரு டம்ளர் பிடித்துவிட்டால் கோட்டக்குப்பம் முழுக்கத் தன் டீ ஓடும் என்பது தீபிகாவின் கணக்கு.

டீயை முதல் நாளே செய்து ஃப்ரிட்ஜில் குளிர வைத்திருந்தாள். அதைக் குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி, டிரம்மை மீன் வியாபாரிகள் வைத்திருப்பது போன்ற ஒரு பெரிய புது ஐஸ் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் உடைத்த ஐஸைக் கொட்டி மூடினாள். "ஐஸ் வெளியில இருந்து ஜில்லுனு வெச்சா போதும். உள்ள ஒரு துளி போகக் கூடாது, தண்ணியாயிடும்" என்றாள். மேஜை, டம்ளர் எல்லாம் தயார் செய்ய அவள் காலையிலேயே பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். பெட்டியைக் கொண்டு வர எங்கள் உப்பு ஏற்றும் குட்டி யானை வண்டியும் டிரைவர் சேகரும். துணைக்கு நான்.

"கூட வந்தா போதும்மா. பெட்டிய தொறக்காத. ப்ளீஸ்."

தலையாட்டினேன். அப்போது நிஜமாகவே திறக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது கிளம்பினோம். போகிற வழியில் கணவருக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க உப்பளத்துக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினோம். அவர் தூரத்துப் பாத்தியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். கேரியரைக் கொட்டகையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மே மாதத்தில் உப்பளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், வெயில் மேலிருந்து ஒரு முறை அடிக்கும், வெள்ளைத் தரையிலிருந்து இன்னொரு முறை அடிக்கும். அந்த வெயிலில், வண்டியின் பின்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"சேகரு, ஐஸ் உருகுதுப்பா!"

"உருகத்தான்க்கா செய்யும்."

"கோட்டக்குப்பம் போறதுக்குள்ள டீ சூடாயிடும்பா!"

எதிரே, கொட்டகை முழுக்க உப்பு. கல்யாணமாகி உப்பளக்காரர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எதைக் காப்பாற்ற வேண்டுமானாலும் எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மாங்காய் கெடாமல் இருக்க உப்பு. மீன் கெடாமல் இருக்க உப்பு. நார்த்தங்காய்க்கு உப்பு, மோர் மிளகாய்க்கு உப்பு. என் நகையைத் தவிர எல்லாவற்றுக்கும் உப்புப் போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அப்படியிருக்க, ஐஸ் மட்டும் ஏன் கெட வேண்டும்?

"சேகரு, ஒரு மூட்டைய அவுரு."

"எதுக்குக்கா?"

"ஐஸ் மேல போட. உப்பு போட்டா தாங்கும்."

சேகர் ஒரு நிமிடம் யோசித்தான். "ஆமாக்கா. மீனுக்கும் போடறாங்கல்ல" என்றான். (அவனும் எங்களிடம் பதினைந்து வருஷமாக உப்பு ஏற்றுகிறவன். புத்தி எங்களுடையதைப் போலவே ஆகியிருந்தது.)

பெட்டியைத் திறந்தோம். டிரம்முக்குள் ஒரு கல் உப்புகூடப் போய்விடக் கூடாது என்று அதன் மூடிக்கு மேல் என் துண்டைப் போர்த்தினேன். அவ்வளவு ஜாக்கிரதை! பிறகு சுற்றிலும் ஐஸோடு ஐஸாக மூட்டையைக் கவிழ்த்தோம். வாழ்க்கையில் ஒரு வேலையை இத்தனை திருப்தியாக நான் முடித்ததில்லை.

வண்டி ஓட ஓடத் தண்ணீர் முன்பைவிட வேகமாகச் சொட்டியது. "அது பழைய தண்ணிதான், வடியுது" என்று சேகருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன்.

கோட்டக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது, விருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வர ஆரம்பிக்கும் வரை பெட்டி நிழலில் அப்படியே இருந்தது. பிறகு நாலு பேராகச் சேர்ந்து மாடிக்கு ஏற்றிப் பெட்டியைத் திறந்தார்கள். டிரம்மின் மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருந்தது. ரியாஸ் அதைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தான். உள்ளங்கை டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"மாஷா அல்லாஹ்! எப்படி ஜில்லுனு இருக்குது பாருங்க!" என்றார் நஸ்ரினின் அம்மா. பெண்கள் எல்லாரும் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன். தீபிகா மட்டும் சிரிக்கவில்லை. டிரம்மையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் டம்ளர் நஸ்ரினின் தாத்தாவுக்கு. எல்லாரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார். ரியாஸ் போனை நீட்டி வீடியோ எடுத்தான். அவருக்குப் பின்னால் டம்ளரும் கையுமாக வரிசை. தீபிகா குழாயைத் திருகினாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி திருகினாள். வரவில்லை. மூடியைத் திறந்தாள். எட்டிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் பழுப்பு நிறத்தில் ஒரே பாறை. அதற்குள்ளே தர்பூசணித் துண்டுகள் சிவப்புச் சிவப்பாக, அப்படியே மாட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு புதினா இலை கை காட்டுவது போல நின்றிருந்தது. நட்ட நடுவில் மட்டும் கறுப்பாக ஏதோ கொஞ்சம் தளதளத்தது.

என் மகள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயங்கரம்.

"அம்மா. பெட்டிய தொறந்தியா?"

"லேசா."

"உள்ள உப்பு போட்டியா?"

"கொஞ்சம்."

"எவ்ளோ கொஞ்சம்?"

நான் பதில் சொல்வதற்குள் சேகர் பெருமையாக, "ஒரு மூட்ட தங்கச்சி!" என்றான்.

(ஐஸில் உப்பைக் கலந்தால் ஐஸ் சீக்கிரம் உருகும், உருகிக்கொண்டே சுற்றியிருப்பதை எல்லாம் உறைய வைக்கும். குச்சி ஐஸ் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். உப்பளத்தில் இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு இது தெரியாது. நான் படித்தது பி.காம்.)

சரி, நான் செய்ததை நானே சரி செய்துவிடலாம் என்று, பிரியாணி வெந்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு குவளை வெந்நீர் கொண்டு வந்து குழாயின் மேல் ஊற்றினேன். குழாய் இளகியது. ஹாஜியாரின் டம்ளரில் கன்னங்கரேலென்று ஏதோ நூல் பிடித்தாற்போல இறங்கியது. தண்ணீரெல்லாம் பாறையாகிவிட்டதால், டீயும் சர்க்கரையும் இஞ்சியும் மொத்தமாக ஒதுங்கி நடுவில் சேர்ந்துவிட்டிருந்தன. நான் தடுப்பதற்குள் அவர் மடமடவென்று குடித்துவிட்டார்.

கண்கள் விரிந்தன. டம்ளரை இறக்கினார்.

"இது டீயா, கஷாயமாம்மா?"

"டீதான் ஐயா" என்றேன் பலவீனமாக.

"எனக்குக் காதெல்லாம் தொறந்துடுச்சு" என்றார்.

அதோடு குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. சிறு பையன்கள் டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். ரியாஸ் பைக்கை எடுத்துக்கொண்டு போய் முக்குக் கடையிலிருந்து பன்னீர் சோடா பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்தான். அத்தனை விருந்தாளிகளும் பன்னீர் சோடா குடித்தார்கள். என் மகள் ஆரஞ்சு வில்லை செருகி அழகாக அடுக்கி வைத்திருந்த டம்ளர்களில்தான் அதையும் ஊற்றிக் குடித்தார்கள். நஸ்ரினின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கக்கா, உப்பு போட்டது உங்க பாசம்தான்" என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

திரும்பும்போது குட்டி யானையின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கோபித்துக்கொண்டு தள்ளி உட்காரக்கூட இடமில்லை. பின்னால் டிரம்முக்குள் பாறை இளகி, வண்டி குலுங்கும்போதெல்லாம் தடக், தடக்கென்று இடித்தது. வெகு தூரம் போன பிறகு தீபிகா சொன்னாள்:

"திங்கக்கெழம கோச்சிங்ல சேந்துடறேன்மா. சொன்னா சொன்னதுதான்."

நான் எத்தனையோ நாளாகக் கேட்கத் தவம் கிடந்த வாக்கியம் அது. கேட்டதும் நெஞ்சில் யாரோ ஐஸ் பெட்டியைத் தூக்கி வைத்தாற்போல ஆகிவிட்டது. பக்கத்தில் அவள் விரல்களைப் பார்த்தேன். விடியற்காலையிலிருந்து பழம் நறுக்கி நறுக்கி நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தன.

"நீ வேணும்னே செஞ்சியாம்மா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஐயோ இல்லடி! சத்தியமா இல்லடி!" என்று நான் அழ ஆரம்பித்தேன். சேகரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "சத்தியமா இல்ல தங்கச்சி, நாங்க ரெண்டு பேருமே முட்டாளுங்கதான்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையுமாக இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினோம். (சேகர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கும் துணியைக் கொடுத்தான்.)

வீட்டில் வழக்கு என் கணவரிடம் போயிற்று. முழுவதையும் கேட்டார், உப்பு எந்தக் கொட்டகையிலிருந்து எடுத்தது என்று மட்டும் விசாரித்தார். பிறகு என் பக்கம் கை நீட்டித் தீர்ப்புச் சொன்னார்:

"டீ நல்லா இருந்துச்சா? இருந்துச்சு. கெடுத்தது யாரு? வசந்தி. சொதப்புனவங்கதான பேங்க் கோச்சிங் போகணும்? திங்கக்கெழமயிலேர்ந்து வசந்தி போகட்டும்."

ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

அதற்கு அடுத்த வாரம் கோட்டக்குப்பத்திலிருந்து போன். தீபிகாவிடம் ஹாஜியார் பேசினார். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லையாம்; வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பழைய கதைகளை விடியும் வரை சொன்னாராம். வீட்டுக்காரர்கள் கெஞ்சியும் விடவில்லையாம். "உன் டீயில விஷயம் இருக்குதும்மா" என்றார். அவருடைய பேத்தி ஒருத்திக்கு நிக்காஹ். ஐஸ் டீ தீபிகாதான் தர வேண்டும். ஒரே நிபந்தனை: "அம்மாவ சாப்பிட மட்டும் கூட்டிட்டு வாம்மா."

அதன் பிறகு எத்தனையோ கல்யாணம், எத்தனையோ டிரம். ஈ.சி.ஆர். பக்கம் தீபிகாவின் ஐஸ் டீ இப்போது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. வீட்டில், சொந்தத்தில், கோட்டக்குப்பத்தில்கூட என்னை யாரும் வசந்தி என்று கூப்பிடுவதில்லை. 'மேனேஜர் மேடம்'தான். பேங்க் கோச்சிங் போகாமலேயே பதவி உயர்வு வாங்கிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்று காலைகூட வாசலில் வண்டியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. மூடி கொஞ்சம் சாய்ந்தாற்போல எனக்குப் பட்டது. சரி செய்துவிடலாம் என்று நாற்காலியிலிருந்து எழுந்தேன். எழுந்தது மட்டும்தான்.

"ஏம்பா சேகரு, வண்டிய எடு, எடு!" என்று கத்தினாள் என் மகள். "மேனேஜர் மேடம் எழுந்துட்டாங்க!"