முகூர்த்தபுரியின் தொடக்கத்துறை

மழை பெய்வதற்குக்கூட மன்னர் வந்து துவக்கிவைக்க வேண்டும் என்று நம்பிய நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் முகூர்த்தபுரி. அங்கே எந்தக் காரியமானாலும் முதலில் ரிப்பன் கட்டுவார்கள். மன்னர் தங்கக் கத்திரியோடு வந்து வெட்டுவார். அதன் பிறகுதான் அது காரியம். அதற்கு முன்னால் குற்றம். மழை மட்டும் சட்டம் தெரியாமல் பெய்துகொண்டிருந்தது.

மன்னருக்குக் கத்திரி பிடிக்கும் கை ஒன்றுதான். ரிப்பன்களோ நாடு முழுக்க. பாலங்கள் ரிப்பனோடு நின்றன, மக்கள் அவற்றுக்குக் கீழே நீந்திப் போனார்கள். இதை எழுதுபவனும் ஒழுங்கான குடிமகன்தான். புதுக் கட்டிலுக்குத் தேதி கிடைக்காமல் அதன் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கியவன்.

நெரிசலைக் குறைக்கத் தொடக்கத்துறை என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அந்த அலுவலகத்துக்கே திறப்பு விழா நடக்காததால், அமைச்சர் வாசலில் குடைபிடித்து உட்கார்ந்து ஆணை பிறப்பித்தார்: தேதி கேட்டு வரிசையில் நிற்பதும் ஒரு தொடக்கமே, ஆகவே வரிசையையும் மன்னரே துவக்கிவைக்க வேண்டும். வரிசை கலைக்கப்பட்டது. நெரிசல் குறைந்துவிட்டதாக அரசு அறிவித்தது.

ஆற்றங்கரையில் ஒரு பிரசவ விடுதியும் கட்டி முடித்து, ரிப்பனோடு மூடிக் கிடந்தது. அதற்கென்று நியமிக்கப்பட்ட மருத்துவச்சி செங்கமலம், பயிற்சி முடித்து வந்தவள். ஒரு பிரசவம்கூடப் பார்க்க விடவில்லை. வலியெடுத்த பெண்களை மாட்டுவண்டியில் ஏற்றி, மலை தாண்டி அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். போன மழைக்காலத்தில் ஒரு குழந்தை வண்டியிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது.

செங்கமலம் நேராக அமைச்சரிடம் போனாள்.

"பரிசீலித்தோம்," என்றார் அமைச்சர். "விடுதி திறக்கப்படும்வரை நாட்டில் பிரசவங்கள் யாவும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகின்றன."

"வயித்துல இருக்கிறதுக்கு யாருங்க சொல்றது?"

"தண்டோரா போடுவோம்."

அவள் திரும்பி நடந்தாள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் விடுதிப் படியில் வந்து உட்கார்ந்தாள். கத்திரியைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். துணிப்பொம்மையைத் தலைகீழாகவும் குறுக்காகவும் வைத்துத் திருப்பிப் பழகினாள். வாழைநாரில் முடிச்சுப் போட்டு அவிழ்த்தாள். ரிப்பனுக்குக் காவல் நின்ற ஆவுடையப்பனுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்ன தாயி, பொம்மைக்குப் பேரு வெச்சாச்சா?"

"வெச்சாச்சுண்ணே. ஆவுடையப்பன். இதுவும் வெச்ச எடத்துலயே கெடக்குது."

"யார் சொல்லி இதெல்லாம் பண்றே?"

"யாரும் சொல்லலை. அவங்க சொல்ற வரைக்கும் சும்மா இருந்தா, கை மறந்துபோகும்."

ஆவுடையப்பன் சிரித்தான். ஆனால் மறுநாள் தண்ணீர் கொதிக்க விறகு குறைந்தபோது, யாரும் பார்க்காத மாதிரி இரண்டு கட்டையைத் தள்ளிவிட்டான்.

ஒரு மத்தியானம் மலைக்குப் போக வேண்டிய வண்டி ஒன்று விடுதி வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவளுடைய மாமியார் குதித்து இறங்கி ஓடிவந்தாள்.

"கதவைத் திறய்யா!"

"உத்தரவு இல்லை ஆத்தா."

"உள்ள இருக்கிறது உன் உத்தரவைக் கேட்டுக்கிட்டா இருக்கு? நீ என்ன, உங்க ராசா வந்து ரிப்பன் வெட்டினப்புறமா பொறந்தே?"

செங்கமலம் எழுந்தாள். கையிலிருந்த கத்திரியால் ரிப்பனை ஒரே வெட்டு. ஆவுடையப்பன் ஈட்டியைத் தூக்கினான்; வண்டிக்குள் பார்த்தான்; ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தப் பெண்ணைத் தலைமாட்டுப் பக்கம் பிடித்துத் தூக்கினான்.

அதே கத்திரியை மறுபடி கொதிக்கவைத்து, பொழுது சாய்வதற்குள் தொப்புள்கொடியையும் வெட்டினாள். பெண் குழந்தை. அனுமதி பெறாமல் அழுதது.

குடையோடு அமைச்சர் வந்தார். "இந்தப் பிரசவத்துக்குத் தலைமை தாங்கியது யார்?"

"நான்தாங்க."

"உனக்குத் தலைமை?"

"அதுவும் நான்தான். வேற யாரும் வரலையே."

அமைச்சர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். உத்தரவை மீறினால் தண்டனை இருந்தது. தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டால் என்ன செய்வதென்று இல்லை. தேடிப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

அவர் தேடுவதற்குள் சேதி பரவிவிட்டது. வாத்தியார்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்களே திறந்தார்கள். மக்கள் பாலத்தின் மேலேயே நடந்தார்கள். இதை எழுதுபவன் கட்டிலில் ஏறிப் படுத்தான். புரட்சியில் அவன் பங்கு அவ்வளவுதான்.

அரசாங்கம் லேசுப்பட்டதா? சுவரெல்லாம் மன்னர் படத்தோடு அறிவிப்பு ஒட்டினார்கள்: "மாட்சிமை தங்கிய மன்னரின் சுயதலைமைத் திட்டம். மக்கள் தாமாகவே முன்வந்து செயல்படும் இந்த மகத்தான திட்டத்தை மன்னர் விரைவில் துவக்கிவைப்பார். அதுவரை யாரும் தாமாக எதையும் செய்யக் கூடாது."

விழா விடுதி வாசலிலேயே நடந்தது. மன்னர் வந்தார். கூட்டம் வரவில்லை, ஆளாளுக்கு வேலை இருந்தது. ரிப்பன் கட்டக் கம்பம் நடுவதற்கும் தேதி வாங்க வேண்டியிருந்ததால், ஒரு முனையை அமைச்சரும் மறுமுனையை ஆவுடையப்பனும் பிடித்துக்கொண்டார்கள். தங்கக் கத்திரி விரிந்தது.

செங்கமலம் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணே, மேட்டுத்தெருவுல ஒருத்திக்கு ரெட்டைப்பிள்ளை போல! கூட்டியார வண்டி இருக்கு, ஓட்ட ஆளில்லை!"

ஆவுடையப்பன் மன்னரைப் பார்த்தான். தன் கையிலிருந்த ரிப்பனைப் பார்த்தான். விட்டான்.

"நில்! யாரய்யா உனக்கு உத்தரவு கொடுத்தது?" என்று அமைச்சர் கத்தினார்.

வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. "நானே குடுத்துக்கிட்டேனுங்க!"

மன்னர் கத்திரியை ஒருமுறை மூடித் திறந்தார். இன்னொரு முறையும் மூடித் திறந்தார். தொங்குகிற ரிப்பன் கத்திரிக்குள் மடங்கி மடங்கிப் போனது. எதிர்முனையில் ஒரு கை இழுத்துப் பிடித்திருந்தால்தான் அதை வெட்ட முடியும் என்பது அன்றுதான் அரசாங்கத்துக்குத் தெரிந்தது.