'ஆ' பிரிவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை

1994ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, கிணத்துக்கடவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கர்ப்பிணிகள் அனைவரும் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். யாருக்கும் வலிக்கவில்லை. சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தார்கள்.

பிரித்தது, கோயமுத்தூரில் இயங்கிவந்த 'கர்ப்பகாலச் சிக்கல் மற்றும் சிசு ஊட்ட ஆய்வுத் திட்ட' அலுவலகம். 'அ' பிரிவுக் கர்ப்பிணிகளுக்கு மாதம் இரண்டு கிலோ சத்துமாவு. 'ஆ' பிரிவினருக்கு அறிவுரை மட்டும். எது நல்லது என்று இரண்டு வருடத்தில் தெரிந்துவிடும் என்றார் திட்ட இயக்குநர் டாக்டர் கோவிந்தராஜுலு. மாவையும் அறிவுரையையும் சுமந்துகொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போகும் பொறுப்பு கிராம நர்ஸ் சாஜிதா பேகத்துக்கு.

முதல் நாளே ஒரு சிக்கல். ராசாத்தாளும் புவனாவும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். இரண்டு பேரும் மாசமாக இருந்தார்கள். சீட்டில் மூத்தவள் ராசாத்தாள் 'அ', இளையவள் புவனா 'ஆ'.

"ஏனுங்க நர்சம்மா, ஒரே அடுப்புலதான் பொங்கித் திங்கறோம். அவ பாத்துட்டு நிக்க நா மட்டும் கஞ்சி குடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றாள் ராசாத்தாள்.

சாஜிதா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். பதில் பத்தே நாளில் வந்தது: 'மேற்படி மாவைக் கிளறுங்கால், அதன் வாசனை 'ஆ' பிரிவினரைச் சென்றடையா வண்ணம் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

சாஜிதா படித்துக் காட்டிய கடிதத்தை ராசாத்தாள் முழுதாகக் கேட்டாள். தலையாட்டினாள். அன்று சாயங்காலமே கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

எட்டாம் மாதம் புவனாவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாஜிதா ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. கருவி கெட்டுவிட்டதோ என்று தன் கையில் கட்டிப் பார்த்தாள். கருவி சரியாகத்தான் இருந்தது.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

"சார், புவனாவுக்குப் பிரஷர் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்குதுங்க. கண்ணு மங்குதுங்கறா."

"எந்தப் பிரிவு?" என்றார் டாக்டர்.

"எட்டாம் மாசம் சார்."

"மாசத்தை யாரும்மா கேட்டா? பிரிவு?"

"'ஆ'ங்க."

"அப்ப அறிவுரை சொல்லுங்க."

"என்ன அறிவுரைங்க சார்?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. "நாலாம் பக்கம் பாருங்க. கீரை சாப்பிடணும். மனசைச் சந்தோஷமா வெச்சுக்கணும்."

"சார், இப்படியே உட்டா அவளுக்கு ஃபிட்ஸ் வந்துருமுங்க!"

"வந்தா அது சிக்கல். சிக்கலுக்குத் தனிப் படிவம் இருக்கு. மொதல்ல வரட்டும், அனுப்பறேன்."

"நான் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயர்றேனுங்க."

"அதெப்படிம்மா? கோயமுத்தூர் ஆய்வு எல்லைக்கு வெளியில இருக்கு!"

"நீங்க எங்கிருந்துங்க சார் பேசறீங்க?"

"கோயமுத்தூர்ல இருந்துதான்."

சாஜிதா போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த டெம்போவை புவனாவின் புருஷன் பாலுசாமி மறித்தான். பாதிப் பெட்டிகளை ரோட்டில் இறக்கிப்போட்டு, மீதிப் பெட்டிகளுக்கு நடுவே புவனாவைப் படுக்கவைத்தார்கள். வழி முழுக்க சாஜிதா அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். பாலுசாமி காலைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, முழிச்சுக்க கண்ணு" என்று அழுதான்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா பார்த்த வேகத்தில் ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ரெண்டும் இல்லை" என்றார். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. பதினெட்டு நாள் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டினார்கள். பத்தொன்பதாம் நாள் தானாகவே சப்பிக் குடித்தது. அதைப் பார்த்த சாஜிதா வராண்டாவுக்கு வந்து மூக்கைச் சிந்தினாள்.

அலுவலகத்திலும் அந்தப் பிரசவம் முறைப்படி பதிவாயிற்று. ஆய்வு எல்லையை விட்டு வெளியேறியவர்களை எழுத 'இழப்பு' என்று ஒரு கலம் இருந்தது. அதில் எழுதினார்கள்.

மூன்றாம் மாதம் புவனா குழந்தையை எடைபோடத் தூக்கிவந்தாள். எடை போட வந்திருந்த குமாஸ்தா திருமலைசாமி பதிவேட்டைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இழப்பும்மா. எடை போட முடியாது."

"அப்ப என்ற கையில கத்தறது யாருங்க?"

"அது சொந்தக் குழந்தை. ஆய்வுக் குழந்தை இல்லை."

இரண்டு வருடம் ஆனது. பீளமேட்டில் ஒரு கல்லூரி மண்டபத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். 'அ' பிரிவில் ஆறு பேருக்குச் சிக்கல். மாவு வாங்க வேண்டுமே என்று அவர்கள் எல்லையைத் தாண்டாமல் உள்ளூரிலேயே வைத்தியம் பார்த்தவர்கள். 'ஆ' பிரிவில் சிக்கல் கண்ட எல்லாரும் உயிர் பிழைக்க வெளியூர் ஓடிவிட்டதால், 'ஆ' பிரிவில் சிக்கல் பூஜ்யம். ஆகவே மாவு கெடுதல், அறிவுரை போதும் என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாயிற்று. மாவு நிறுத்தப்பட்டது. பிரிவுகள் மட்டும் பதிவேட்டில் அப்படியே இருந்தன.

சிக்கலே இல்லாத 'ஆ' பிரிவை உருவாக்கியதற்காக சாஜிதாவை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். மைக்கையும் கையில் கொடுத்தார்கள். டெம்போ, தக்காளி, ஒன்றே முக்கால் கிலோ எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு அவள் கொடுத்த மனு டாக்டர் கோவிந்தராஜுலுவின் மேஜையில் இருந்தது.

"நன்றிங்க" என்றாள். மண்டபம் கைதட்டியது.

மாற்றல் வரவில்லை. ஆறு மாதம் கழித்துப் பாலுசாமி சுகாதார நிலையத்துக்கு வந்தான். புவனா மறுபடியும் மாசமாக இருந்தாள்.

"நர்சம்மா, இந்தத் தடவையும் அவளை 'ஆ' பிரிவுலயே போட்டுருங்க."

சாஜிதா அவனை முறைத்தாள். "ஏனுங்க, தெரிஞ்சுதான் பேசறீங்களா? உங்க சம்சாரம் தக்காளிப் பெட்டிக்கு நடுவுல கெடந்ததை மறந்துபோட்டீங்களா?"

"அதெப்படிங்க மறக்கும்? அது நம்ம ஊட்டுச் சமாச்சாரம். ஆராய்ச்சி வேறைங்களே! பேப்பர்லயே போட்டிருக்குது, 'ஆ'வுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு." மடித்து வைத்திருந்த பழைய பேப்பரைப் பிரித்து, செய்தியோடு இருந்த சான்றிதழ் படத்தை விரலால் தொட்டுக் காட்டினான். "நீங்களே டாக்டருக்குப் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டிருக்கீங்களே!"