நாலு மொட்டை டயர்

ஜீப்பு நாலாவது வளைவில் மறுபடியும் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. சக்கரங்கள் சேற்றுக்குள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. வண்டிதான் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"எல்லாரும் எறங்குங்கத்தா" என்றார் ராஜாராம்.

பின்னால் இருந்த எட்டுப் பெண்களும் மளமளவென்று இறங்கினார்கள். ராசிங்காபுரத்திலிருந்து குரங்கணிக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்துக்குத் தினமும் காய் எடுக்கப் போகிறவர்கள். அவர்களில் ஒருத்தி வண்டியைத் தள்ளக் கை வைத்தால்கூட ராஜாராமுக்குப் பொறுக்காது. "பொம்பளைகளத் தள்ள விட்டு வண்டி ஓட்டுற பொழப்பு எனக்கு வேணாம்" என்பார். அதனால் அவர் ஒருவரே கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் போடுவார். பெண்கள் மேட்டுப் பாறையில் வரிசையாக உட்கார்ந்து, மருதாயி மடியில் கட்டிக்கொண்டு வந்த அவித்த கடலையை உரித்தபடி அவருக்குத் தைரியம் சொல்வார்கள்.

"நிதானமாப் பாருங்கண்ணே. என்ன அவசரம்?" என்றாள் மருதாயி.

இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று ராஜாராமுக்குக் கண் கலங்கியது. கண்ணில் சேறு தெறித்திருந்ததும் ஒரு காரணம்.

அந்த நேரத்தில் தோட்டத்து சூப்பர்வைசர் விஜயகுமார் போனில் வந்தான்.

"எங்கண்ணே நிக்கிறீக?"

"நாலாவது வளைவு."

"இன்னைக்குமா? ஆளு வண்டியில ஏறுன நேரத்துலருந்து அவுகளுக்குக் கூலி ஓடுதுண்ணே! முதலாளி என்னையப் போட்டுக் காய்ச்சுறாரு. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இப்படியே போனா அந்தப் பொம்பளைகளே ஒருநா வெறுத்துப் போயி சின்ராசு வண்டியில ஏறிருவாக."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ராஜாராம் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டார். எந்த ஜீப்பில் ஏறுவது என்பது ஏறுகிறவர்கள் இஷ்டம். ஆள் கணக்கில்தான் வாடகை. இந்த எட்டுப் பேரும் போய்விட்டால் ஜீப்பைக் கோழி அடைக்கத்தான் பயன்படுத்த வேண்டும். சின்ராசுவும் அதே தோட்டத்துக்குத்தான் ஓட்டுகிறான். வண்டி புதுசு, டயர் புதுசு, ஒருநாளும் எங்கும் நின்றதில்லை. ஆனாலும் அவன் வண்டி பாதி காலியாகவே போகும். பெண்கள் மூன்று மழைக்காலமாக ராஜாராமின் வண்டியில்தான் இடித்துப் பிடித்து ஏறுகிறார்கள். தன்னுடைய குணம்தான் அதற்குக் காரணம் என்று ராஜாராம் நம்பினார். ஆனால் குணத்தை எத்தனை நாளைக்கு நம்புவது? டயரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அன்று மதியமே போடியில் பட்டறை வைத்திருக்கும் அக்காள் மகன் லிங்கேஸ்வரனிடம் போய் நின்றார். போன சித்திரையில் போனில் ஏதோ வீடியோவைக் காட்டி, "தூக்கிட்டா சேறு தொடாது மாமா" என்று ஜீப்பை நாலு இஞ்சு உயர்த்தியவன் அவன்தான். அவன் சொன்னது பொய்யில்லை. சேறு வண்டியைத் தொடவில்லை. டயரோடு நின்றுகொண்டது.

"தூக்குன வண்டிக்கு இந்த மொட்டை டயரு ஆகாது மாமா. பெரிய டிஸ்க்கு, சேத்தக் கவ்வுற பெரிய பட்டன் டயரு மாட்டணும்" என்றான் லிங்கேஸ்வரன். விலையையும் சொன்னான். ராஜாராம் பட்டறைப் பானையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"மாப்ளே, எனக்கு ஜீப்புக்கு டயரு வேணும். டயருக்கு ஜீப்பு இல்ல."

கடைசியில் தேனியில் பழைய டயர் விற்கும் ஒருவரிடம், யாரோ கழற்றிப் போட்ட நாலு பட்டன் டயர்கள் டிஸ்க்கோடு மலிவாகக் கிடைத்தன. ஏன் இவ்வளவு மலிவு என்று ராஜாராம் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறிவிடுமோ என்று பயம்.

பட்டறையில் மாட்டிக்கொண்டிருந்தபோது சின்ராசு வந்தான்.

"அண்ணே, கழட்டுன டயர என்ன செய்யப் போறீக?"

"எடைக்குப் போடணும்."

"எனக்குக் குடுங்களேன். ஸ்டெப்னிக்கு ஆகும்."

"நாலுமா?"

"சும்மா கெடக்கட்டும்ணே."

பாவம், வண்டியில் ஆள் ஏறாத கவலையில் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ராஜாராம் நினைத்தார். நாலையும் இனாமாகவே கொடுத்து, முதுகில் தட்டியும் அனுப்பினார்.

மறுநாள் மலிவின் காரணம் தெரிந்தது. டயர்கள் அவர் வண்டிக்கு அகலம் அதிகம். ஸ்டீயரிங்கை ஒடித்தால் மட்காடில் உரசின. அதிலும் வலப்பக்கம் ஏதோ சமாளித்து வளைந்தது. இடப்பக்கம் அடியோடு மறுத்தது. மலைப்பாதை இரண்டு பக்கமும் வளையும் என்பதை டயரிடம் யார் சொல்வது? ஒவ்வொரு இடது வளைவிலும் நாலு தடவை முன்னும் பின்னும் எடுத்துத்தான் ஏற வேண்டியிருந்தது. பெண்கள் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கடலையே தீர்ந்துபோனது.

"வண்டி நல்லாத்தேன் இருக்குண்ணே. இதுக்கு மேல ஒண்ணும் செலவழிக்காதீக" என்றாள் மருதாயி.

தன் பாக்கெட்டைப் பற்றி இத்தனை அக்கறையா என்று ராஜாராம் நெகிழ்ந்து, நேராக லிங்கேஸ்வரனிடம் போனார்.

"இன்னும் மூணு இஞ்சு தூக்கிருவோம் மாமா. ஒரசாது."

தூக்கினான். உரசவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக் கொட்டகைக்குள் விட்டபோது ஜீப்பின் தலை தகரக் கூரையில் இடித்து, ஒரு தகரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அவர் மனைவி பாண்டியம்மாள் சத்தம் கேட்டு வெளியே வந்து, வண்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல எப்புடி ஏறுறது?"

"ஏறலாம், ஏறலாம்."

"ஏணி வச்சுத்தேன் ஏறணும்னா ஒரு யானைய வாங்கியிருக்கலாம். எங்க ஊரு தேவாரத்துல அது காசில்லாமலே தோட்டத்துக்குள்ள வந்து நிக்கிது."

அவள் சொன்னபடியே ஆனது. காலையில் பெண்கள் ஜீப்புக்குப் பின்னால் நின்று சேலையை வரிந்து கட்டிப் பார்த்தார்கள். முழங்கால் மடங்கியது, உடம்பு எழும்பவில்லை. ராஜாராம் டீக்கடை பெஞ்சைத் தூக்கி வந்து போட்டார். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றபடி அவரை ஏசினார்கள். எட்டுப் பேர் ஏறி முடிக்கவே அரை மணி நேரம் ஆனது. தோட்டத்தில் இறங்கப் பெஞ்சு இல்லாததால் விஜயகுமார் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி இறக்கினான். மூட்டைக்கு ஒரு ஏச்சு வீதம் ராஜாராமுக்குக் கிடைத்தது.

ராஜாராமுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையிலேயே கிடந்தார். பின்பக்கம் மூன்று இரும்புப் படி, பிடித்து ஏறக் கம்பி, இருக்கைக்குப் புது மெத்தை எல்லாம் ஏற்பாடானது. இதற்கெல்லாம் பாண்டியம்மாளின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. அது அவருக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை கொட்டுகிற மழை. ஜீப்பு நாலாவது வளைவுக்கு வந்தது. ராஜாராம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டயர் சேற்றைக் கவ்வியது, ஒரு உறுமல், வண்டி மேலே போய்விட்டது! பாறையை யாரும் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை. ஏழே முக்காலுக்கெல்லாம் தோட்டத்து வாசல். விஜயகுமார் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"இனிமே தெனமும் இப்படித்தேன்!" என்று ராஜாராம் பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

பெண்கள் தோட்டத்து வாசலை வெறித்துப் பார்த்தபடி இறங்கினார்கள். கடலை மருதாயியின் மடியிலேயே இருந்தது. மலைத்துப் போய்விட்டார்கள் என்று ராஜாராம் எண்ணிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் வண்டிக்கு ஒருத்தியும் வரவில்லை.

ஆறு மணி, ஆறே கால், ஆறரை. டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "எட்டுப் பேரும் சின்ராசு வண்டியில போயிட்டாகளே!"

ராஜாராமுக்கு உலகமே இருண்டது. சங்கிலி ஞாபகம் வந்தது. என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டுவிடுவது என்று காலி ஜீப்பை மலைமேல் விரட்டினார்.

நாலாவது வளைவில் சின்ராசுவின் ஜீப்பு சேற்றில் நின்றது. சின்ராசு முழங்கால்வரை சேற்றோடு கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவன் முகத்தில் கவலையே இல்லை. பெண்கள் பாறைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடலைத் தோல் காற்றில் பறந்தது.

ராஜாராமுக்கு உயிர் வந்தது. வண்டியை அவர்களுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நிறுத்தினார்.

"ஏறுங்கத்தா! அஞ்சே நிமிசத்துல கொண்டுபோய் விடுறேன்."

யாரும் அசையவில்லை. மருதாயி வேறு பக்கம் பார்த்தாள். மூன்று வருடத்தில் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியிராத முனியாயிதான், உரித்த கடலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள்.

"கூலியோட ஒரு மணி நேரம் இந்தப் பாறையில ஒக்காரணும்னுதேண்ணே மூணு வருசமா ஒங்க வண்டியில ஏறுனோம். நீங்கதேன் அந்த நாலு டயரையும் தூக்கி இவருக்குக் குடுத்துட்டீகளே!"