அரைச் சுற்று ஆராய்ச்சி

உடற்பயிற்சியின் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய நான், வாழ்நாளில் ஒரு தண்டால்கூட முழுதாக எடுத்ததில்லை. (பாதி எடுத்திருக்கிறேன். கீழே போகும் பாதி.)

எண்பத்தொன்பதில் என் ஆய்வு ஒரு நோட்டில் வந்து மாட்டிக்கொண்டது. ஆவடிப் பக்கம் ஒரு பழைய தேகப்பயிற்சிக் கூடத்தில், மூன்று தலைமுறையாக யார் யார் என்ன பயிற்சி செய்தார்கள் என்று எழுதிவைத்த நோட்டு அது. "அதைப் பார்க்காமல் எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று என் நெறியாளர் சொல்லிவிட்டார். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே மாதம் பாக்கி. ஒரு ஞாயிறு காலை ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக அம்பத்தூரில் ரயிலேறினேன்.

கூடத்தை நடத்திய முனுசாமி வாத்தியார் தொழிற்சாலையில் ஃபிட்டர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நோட்டு தரேன் சார். ஆனா இங்க ஒரு வழக்கம் கீது. புச்சா வர்றவங்க கர்லாக்கட்டைய எடுத்து கண்ணுல ஒத்திகினு பத்து சுத்து சுத்தணும். அப்பாலதான் மத்த பேச்சு. அதோ, அந்த சின்னத எத்துக்கோங்க."

சின்னதா? கர்லாக்கட்டையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவன் நான். சுற்றிலும் நின்ற பயில்வான்கள் (ஒவ்வொருவர் கழுத்தும் என் தொடை அளவு) வேடிக்கை பார்த்தார்கள். திமிர் தலைக்கேறி, மூலையில் சந்தனப் பொட்டோடு நின்ற பெரிய கட்டையிடம் போனேன்.

"சார், அது பூஜைக்கு வெச்சது. அத்த நானே தூக்கறதில்ல!"

"எடை முக்கியமில்லை வாத்தியாரே. விசை இடுப்பிலிருந்து வரவேண்டும்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

விசை வந்தது. கட்டை தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் போனது, திரும்பி வரவில்லை. கையை விட்டிருக்கலாம். (அப்படி எந்தப் புத்தகத்திலும் போடவில்லையே!) தோளில் 'டொக்' என்றது. நான் "அம்மா" என்று அலறியதில் ஒரு பயில்வான் பயந்துபோனாராம்.

நல்லவேளை, வாத்தியார் எலும்பு முறிவுக்கும் கட்டுப் போடுபவர். ஒரே இழுப்பில் தோளை உட்காரவைத்துவிட்டு, "அரை சுத்து ஆச்சு. கை தேறனதும் மிச்சம் ஒம்போதரைய முடிச்சிட்டு நோட்ட பாருங்க" என்றார். கை தேற ஒன்றரை மாதமாம்.

எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற அவர் மகள் செல்விக்குப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா நீ? சார்க்கு பதிலா மிச்சத்த நான் சுத்திடறேன், வுடு" என்றாள். சின்னக் கட்டையை எடுத்து, முகத்தில் சலனமில்லாமல் பத்தாகவே சுற்றி முடித்தாள். வழக்கம் நிறைவேறிவிட்டதால் வாத்தியாரும் நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

எனக்குத்தான் எழுதக் கையில்லை. நான் சொல்லச் சொல்ல ஆய்வேட்டையும் அவளே எழுதினாள். கட்டு அவிழ்த்த பிறகும் பேனாவை அவள் தரவில்லை, நானும் கேட்கவில்லை. தொண்ணூற்றொன்றில் எங்கள் கல்யாணம்.

இன்றைக்கும் சிலிண்டர்காரர் வந்தால், நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் செல்வியின் குரல் கேட்கும்: "அண்ணே, நீங்களே உள்ள வெச்சிடுங்க. எங்க ஊட்டுக்காரர் வெயிட் தூக்கறத பத்தி எழுதறவரு."