ஜெனித் அழப் போன வீடு

"இந்தத் தம்பி மூக்கைப் பாருங்களேன், அப்படியே சவுரிராயன் மூக்கு!" என்று ஊதாப் புடவை கட்டிய அம்மாள் உரக்கச் சொன்னபோது, ஜெனித் காபியில் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

விழுப்புரத்தில் அந்தத் துக்க வீட்டில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. செத்துப்போன சவுரிராயனையே பஸ் நிலையத்துக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்தான் முதன்முதலாகப் பார்த்தான். பிழைப்பு, திண்டிவனத்தில் பேனர் அடிக்கும் கடையில். ஆசை, கதை எழுத்தாளன் ஆவது. அனுப்பிய பதினோரு கதைகளும் போன வேகத்தில் திரும்பி வந்தன. கடைசிக் கதைக்கு மட்டும் ஒரு பத்திரிகை ஆசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார்: 'அப்பா சாகிற இடம் ஒட்டவேயில்லை. நீங்கள் சாவு வீட்டையே பார்த்ததில்லை போலிருக்கிறது.'

அன்று பிடித்த பழக்கம் இது. கடை லீவு என்றால் பஸ் ஏறுவான்; தெரியாத ஊரில், தெரியாத சாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யார் எப்படி அழுகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வான். வெட்கங்கெட்ட வேலைதான். ஆனால் ஒரு கதைகூட அச்சில் வராமலே போய்விடுமோ என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சற்றுமுன் அந்த அம்மாள், "எந்த ஊருப்பா?" என்று கேட்டாள். "திண்டிவனங்க" என்றான். அவ்வளவுதான் பேச்சு. வந்ததிலிருந்து பார்க்கிறான், அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். யாருக்குக் காபி, எந்த மாலை எங்கே, எல்லாம் அவள் சொல்படி. இப்போது அவள் மூக்கைக் காட்டியதும், "மவன் வந்துட்டான்" என்று கூட்டமே அவன் பக்கம் திரும்பியது.

"ஐயோ, நான் அவரு மவன் இல்லைங்க!" என்றான் ஜெனித்.

"கோவம் இருக்காதா பின்ன?" என்றார் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மாரியப்பன், சவுரிராயனின் பழைய கூட்டாளி. "மூணு வயசுப் புள்ளையத் திண்டிவனத்துல மொத சம்சாரத்துகிட்ட வுட்டுட்டு வந்தவன்தானே இந்தச் சவுரிராயன். சாவறப்பகூட 'அந்தோணி பிரபு, அந்தோணி பிரபு'ன்னு உம்பேரைத்தான் சொல்லிக்கினு இருந்தாம்பா."

"எம்பேரு ஜெனித்துங்க!"

"பேரையே மாத்திட்டா பாத்தீங்களா அந்தப் பொம்பள" என்று ஊதாப் புடவை அம்மாள் பெருமூச்சு விட்டாள். கூட்டம் உச்சுக் கொட்டியது.

நைசாக நழுவிவிடலாம் என்று எழுந்தான். அதற்குள் ஒரு பெண் ஓடிவந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சவுரிராயனின் மகள் பிரின்சி. இருபத்திரண்டு வயதிருக்கும். அவளுடைய அம்மா போன வருஷமே போய்விட்டாளாம்.

"அண்ணா, எனக்கு இனிமே யாருண்ணா இருக்காங்க? ஒரே ஒரு தடவ அப்பா மொகத்தப் பாருண்ணா."

இனி உண்மையைச் சொல்வதுதான் மனுஷத்தனம் என்று ஜெனித்துக்குத் தோன்றியது.

"தங்கச்சி, நான் கதை எழுதறவம்மா. சும்மா பாத்துட்டுப் போவ வந்தேன்."

"அவங்கப்பனும் நல்லாக் கதை வுடுவான்" என்று மாரியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரத்தம் எங்க போவும்?"

"நம்பலன்னா இந்த நோட்டைப் பாருங்க!"

அதுதான் அவன் செய்த மகா பைத்தியக்காரத்தனம். அம்மாள் நோட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். வேகவேகமாகப் புரட்டி ஒரு பக்கத்தைப் பிரின்சியிடம் நீட்டினாள். "சத்தமாப் படிம்மா."

பிரின்சி படித்தாள். "'அப்பா, நீ போன வழியைப் பார்த்துப் பார்த்தே எனக்கு மீசை முளைத்துவிட்டது. உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே ஒரு முறை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாயா?'"

பன்னிரண்டாவது கதையின் ஆரம்பம் அது.

வீடே ஓவென்று அழுதது. பந்தலில் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அழுதார்கள். அவன் எழுதியதைப் படித்து இதுவரை ஒருத்தர் கண்ணும் கலங்கியதில்லை. இப்போது அறுபது பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். கடவுளே, அந்த நேரத்தில் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. 'இது கதைங்க' என்று சொல்ல வேண்டிய வாய், இரண்டு நிமிஷம் சும்மா இருந்துவிட்டது.

அதற்குமேல் எதுவும் அவன் கையில் இல்லை. பெட்டியின் தலைமாட்டை அவன் தோளில்தான் வைத்தார்கள். மாதா கோவிலில் பங்குச் சாமியார் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். கல்லறையில், "மொத மண்ணு மவன் போடட்டும்" என்றார் மாரியப்பன். மண்ணை அள்ளும்போது, திண்டிவனத்தில் இந்நேரம் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தன் அப்பா அமலதாஸ் ஞாபகத்துக்கு வந்தார். ஜெனித் விம்மி விம்மி அழுதான். எப்படி அழுகிறோம் என்று கவனிக்கக்கூடத் தோன்றவில்லை.

"மூணாம் நாள் பூசை வரைக்கும் இருண்ணா" என்றாள் பிரின்சி. "அப்பா ரூமைத் தொடச்சிக் குடுக்குறேன். அண்ணன் வந்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." அந்த அழுத முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு தெம்பு தெரிந்தது. அதைப் பார்க்க அவனால் தாங்கவில்லை.

கல்லறை வாசலில் ஊதாப் புடவை அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அம்மா, சத்தியமா நான் அவரு மவன் இல்லைங்க. அந்தப் பொண்ண ஏமாத்தற பாவம் எனக்கு வேணாம், இப்பவே சொல்லிடப் போறேன். இங்க எனக்கு யாரையுந் தெரியாது. நீங்க சொந்தக்காரங்க, பக்கத்துல நின்னு எடுத்துச் சொன்னா அது தாங்கிக்கும்."

அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதோரம் குனிந்தாள்.

"எனக்கு மட்டும் இங்க யாரத் தெரியும்? நான் எழுதற மாச நாவலுக்கு ஒரு சாவு வேணும்னு கண்டமங்கலத்துலேர்ந்து வந்தவ நான். மூணாம் நாளு வரைக்கும் வாயத் தொறக்காதப்பா, எனக்கு இன்னும் முப்பது பக்கம் இருக்குது."